நிக்கரு என்ற சொல்லும் சுகந்தி அக்காவின் சிரிப்பும்

1

போன வாரம் திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் என் வாயில் ஒரு சொல் வரவில்லை.

விடுமுறைக்கு வந்திருக்கிறோம். இங்கே அடிக்கிற வெயிலுக்கு, இங்கிலாந்தில் என் மகன் ஜோயலுக்கு வாங்கிய முழுக்கால் சட்டைகள் ஆகவில்லை. ஐந்து வயசுப் பிள்ளை, தொடையெல்லாம் வேர்க்குரு. அரைக்கால் சட்டை வாங்கலாம் என்று கடைக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னாக்கா பாக்கறீங்க?" என்றாள் கடைப் பெண்.

நான் கையை நீட்டி அலமாரியைக் காட்டினேன். "அது."

"எது, துண்டா?"

"இல்ல, அதுக்குப் பக்கத்துல."

"பனியனா?"

முகையூர்ப் பக்கம் பிறந்து, திண்டிவனத்தில் படித்து, அங்கேயே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அதற்கு இந்த ஊரில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? ஜோயல் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாளோ என்ற பயம் அவன் கண்ணில் இருந்தது.

நிக்கரு. இதோ எழுதிவிட்டேன். எழுதுவது சுலபமாகத்தான் இருக்கிறது.

2

நாங்கள் இருப்பது லண்டனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். என் கணவர் அந்தோணிக்கு மருத்துவமனையில் வேலை. ஜோயல் படிக்கிற பள்ளியில், மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் வேலை எனக்குக் கிடைத்தது. தட்டை எடுத்துக் கொடுப்பது, பாட்டில் மூடி திறந்து விடுவது, ஈரமாக்கிக்கொண்ட பிள்ளைக்கு மாற்று உடை போட்டு விடுவது. பி.எட். படித்தவளுக்கு இதுவா என்று அம்மா போனில் வருத்தப்பட்டாள். எனக்கு வருத்தமில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்குள் மறுபடி கால் வைத்தேன், அது போதும் என்று இருந்தது.

அதே பள்ளிக்குப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற இன்னொரு தமிழ்ப் பெண் சுகந்தி. விழுப்புரத்துக்காரி. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால் அவர்கள் அப்பாவின் மல்லாட்டைக் கொல்லை, நிலக்கடலை போடுகிற சொந்த நிலம். என்னைவிட ஓரிரு வயது பெரியவள் என்பதால் அக்கா என்று கூப்பிடுகிறேன். அவள் மகள் யாழினியும் ஜோயலும் ஒரே வகுப்பு.

சுகந்தி அக்கா மேல் எனக்குப் பொறாமை உண்டு. மறைத்து என்ன பயன்? அவளுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் ஒரே வினைச்சொல்லில் முடித்துவிடுவாள். ஆனால் பள்ளி வாசலில் அவளைச் சுற்றித்தான் நாலு பேர் நிற்பார்கள். நான் வாக்கியத்தை மனசுக்குள் அடுக்கி, இலக்கணம் சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். யாழினி வாசலிலேயே அவளோடு தமிழில் சண்டை போடுவாள். ஜோயல் நான் கேட்டால் தமிழில் பதில் சொல்வான், அவ்வளவுதான்.

ஒரு நாள் ஜோயல் கழிப்பறைக்குப் போனவன் சட்டையும் ஜட்டியுமாக வெளியே ஓடிவந்தான். உடை மாற்றும் இடத்தில் அவன் வகுப்புப் பெண் எஃபுவா பெஞ்சில் உட்கார்ந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். கானா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. கழிப்பறைக்குப் போகும்போது ஜோயல் கழற்றிப் போட்ட பள்ளி அரைக்கால் சட்டை அவள் காலடியில் கிடந்தது. அவன் அதைப் பார்க்காமல் எங்கெங்கோ தேடினான். எனக்கு அவசரம். கையை நீட்டிக் காட்டி, "நிக்கரு! டேய், நிக்கரு! அதோ நிக்கருடா!" என்று சத்தம் போட்டேன்.

எஃபுவாவின் அம்மா ஆபெனா, மகள் மறந்து வைத்துவிட்டு வந்த பையைக் கொடுக்க வந்தவள், வாசற்படியில் நின்றிருந்தாள். அவள் பார்த்தது, தன் மகளை நோக்கி நீட்டிய ஒரு விரல். கேட்டது, மூன்று தடவை அந்தச் சொல்.

கறுப்பின மக்களை மனிதர்களாக மதிக்காதவர்கள் தலைமுறை தலைமுறையாக அவர்கள் முகத்தில் எறிந்த ஒரு வசைச்சொல் ஆங்கிலத்தில் உண்டு. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. நம் நிக்கருக்கும் அதற்கும் நடுவில் ஓர் எழுத்து அழுத்தம்தான் வித்தியாசம். நம் காதுக்கு இரண்டும் வேறு வேறு. வாசற்படியில் நிற்கிற ஒரு தாயின் காதுக்கு?

ஆபெனா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள்.

3

தலைமை ஆசிரியை மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் அறையில் எனக்குப் போட்ட நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ.

"நான் சொன்னது உடுப்பின் பெயர். நிக்கர். அது உங்கள் மொழியிலிருந்து எங்களுக்கு வந்த சொல்தான்," என்றேன்.

அவர் புருவம் உயர்ந்தது. அப்போதுதான் என் தவறு எனக்கே புரிந்தது. நமக்கு அரைக்கால் சட்டையாக வந்து சேர்ந்த அந்தச் சொல், அங்கே இன்றைக்குப் பெண்களின் உள்ளாடை. ஒரு சிறுமியை நோக்கி விரல் நீட்டி நான் உள்ளாடை, உள்ளாடை என்று கத்தியதாக இப்போது ஆயிற்று. ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொன்றில் விழுந்தேன்.

தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் போனில் கூப்பிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. பேசியது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், நல்ல குரல்.

"பயப்படாதேங்கோ பிள்ளை. நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நிக்கருன்னு சொன்னேங்க. பசங்க போடற நிக்கரு."

"நாங்கள் அதைக் களிசான் எண்டுதான் சொல்லுறது. நீங்கள் சொல்லுற சொல்லை நான் கேள்விப்படேல்லையே, பிள்ளை."

அதையே நேர்மையாக ஆங்கிலத்திலும் சொன்னார். தனக்குத் தெரிந்த தமிழில் அப்படி ஒரு சொல் இல்லை என்றார். இந்தியாவில் இருக்கலாம், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சேர்த்தார். தலைமை ஆசிரியை அதில் முதல் பாதியை மட்டும் குறித்துக்கொண்டாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். தண்டனை இல்லை, நடைமுறைதான் என்றார்கள்.

4

பொய்ப் பழி விழுந்தால் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. வந்தது சந்தேகம், அதுவும் என் மேலேயே. நான் நிக்கரு என்றுதான் சொன்னேனா? அவசரத்தில் வேறு மாதிரி ஒலித்ததோ? குளியலறைக் கண்ணாடி முன் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தச் சொல்லை வேகமாகவும் மெதுவாகவும் சொல்லிப் பார்த்தேன். சொல்லச் சொல்ல அது எனக்கே அந்த வசை மாதிரி கேட்க ஆரம்பித்தது. பிறகு சொல்லிப் பார்ப்பதையும் விட்டுவிட்டேன்.

வகுப்புப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் யாரும் என் பெயரைப் போடவில்லை. பிள்ளைகளுக்கு அன்பான சூழல் முக்கியம் என்று ஒருவர் எழுதினார். அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள். ஜோயலுக்கு வரவேண்டிய ஒரு பிறந்தநாள் அழைப்பு வரவில்லை. இடம் சின்னதாக இருக்கலாம், எல்லாரையும் கூப்பிட முடியாதுதான். அப்படியும் இருக்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னபோது அவளுக்குச் சிரிப்பு. "நிக்கருன்னதுக்கா வேலைக்கு வராதன்னுட்டாங்க? இன்னா ஊருடி அது, ஒரே பேஜாரா கீது. லுங்கின்னு சொல்லியிருந்தா ஜெயில்லயே போட்டிருப்பாங்களா?"

அந்தோணி சிரிக்கவில்லை. "கொஞ்ச நாளைக்கு வெளிய இங்கிலீஷ்லயே பேசு, ஜெசி. எதுக்கு வம்பு?" என்றார்.

அதன்படி நடந்தேன். பேருந்தில், கடையில், பூங்காவில், ஜோயல் தமிழில் ஏதாவது ஆரம்பித்தால் "உஷ்" என்பேன். வீட்டுக்கு வந்ததும் தமிழுக்கு மாறலாம் என்பது என் திட்டம். பிள்ளைகளுக்கு அப்படிக் கதவு வைத்துப் பிரிக்கத் தெரியாது போலிருக்கிறது. அவன் வீட்டிலும் மாறவில்லை. ஒரு நாள் துணி மடிக்கும்போது, "ஜோயல், அந்த நிக்கர எடு," என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அவன் ஓடிவந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினான்.

"அது கெட்ட வார்த்தை, மம்மி," என்றான் ஆங்கிலத்தில். "எஃபுவா அழுதாள்."

வேலை போனால் போகட்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். என் பிள்ளை என் வாய்க்குப் பயப்படுகிறான், அதற்கு என்ன செய்வது?

5

சுகந்தி அக்காவிடம் நான் உதவி கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அவளிடம் போய் நிற்க மனசு வரவில்லை. விஷயம் காதுக்கு எட்டி அவளாகவே வந்தாள்.

"ஏய் ஜெசி, இன்னாடி இது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மூஞ்சிய தொங்கப்போட்டுக்கினு கீற? வா எங்கூட."

"வேணாங்க்கா. விசாரணை நடக்குது."

"நடக்கட்டும், நாமளும் நடப்போம். ஜல்தி வா."

பள்ளி விடும் நேரம். ஆபெனா வாசலில் நின்றாள். சுகந்தி அக்கா நேரே அவளிடம் போனாள். "எக்ஸ்கியூஸ் மீ, ஒன் மினிட், நீ பாரு, ஐ ஷோ," என்றாள். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஓடிவந்த யாழினியை நிறுத்தி, "பாப்பா, நிக்கரு எதுடி, தொட்டுக் காட்டு," என்றாள். யாழினி ஒரு நொடிகூட யோசிக்காமல் தள்ளுவண்டியில் இருந்த தன் தம்பியின் அரைக்கால் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "தம்பி நிக்கரு. இதுல மூச்சா போயிட்டான்," என்றாள்.

சுகந்தி அக்கா அதையும் மொழிபெயர்த்தாள். அப்புறம் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி சத்தமாகச் சிரித்தாள். ஆபெனா அந்த உடுப்பைப் பார்த்தாள், யாழினியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் முகம் முதலில் இளகி, பிறகு உடைந்து, அவளும் சிரித்தாள். கண்ணீர் வரச் சிரித்தாள்.

அதையேதான் நான் அத்தனை தடவை சொன்னேன். அதே சொல், அதே அர்த்தம். என் வாயில் அது சாக்காக இருந்தது. அவள் வாயில் உண்மையாகிவிட்டது. என்மேல் விழுந்த பழி நீங்கிய அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது நிம்மதி இல்லை, பொறாமை.

மறுநாள் ஆபெனா ஒரு டப்பாவில் காரமான தக்காளிச் சோறு கொண்டுவந்தாள். சுகந்தி அக்காவும் பக்கத்தில் இருந்தாள்.

"என்னை மன்னித்துக்கொள்," என்றாள் ஆபெனா ஆங்கிலத்தில். "என் காது அந்தச் சொல்லுக்காக எப்போதும் காத்துக்கொண்டே இருக்கிறது. என் மகள் பிறந்த பிறகு இன்னும் அதிகம்."

அவளுக்குச் சொல்ல எனக்கும் ஒன்று இருந்தது. எனக்கும் அப்படி ஒரு காது உண்டு. நிலமில்லாத கூலிக் குடும்பம் எங்களுடையது. முகையூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும், "முகையூர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். பள்ளியில் வந்தது, வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் வந்தது, வாடகைக்கு வீடு பார்த்தபோது வந்தது. கேட்கிறவர் தெரு தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாரா, ஜாதி தெரிந்துகொள்ளவா என்று குரலை வைத்தே எடை போடுகிற காது அது. ஆபெனா மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போன அன்று, அவள் மேல் எனக்குக் கோபம் வராததற்குக் காரணம் அதுதான். அந்த முகத்தை நான் என் அம்மாவிடம் பார்த்திருக்கிறேன்.

அதைச் சொல்லியிருந்தால் ஆபெனாவும் நானும் அன்றே சிநேகிதிகள். ஆனால் நடுவில் சுகந்தி அக்கா நின்றாள். சொந்தக் கொல்லை உள்ள வீட்டுப் பெண். அவளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்ல? "பரவாயில்லை," என்றேன். "நன்றி," என்றேன். பாடப்புத்தக ஆங்கிலம்.

சுகந்தி அக்காவுக்கு அந்தக் காது இல்லை. யாரும் அவளிடம் எந்தப் பக்கம் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டதில்லை. அதனால்தான் அவளால் அவ்வளவு சத்தமாகச் சிரிக்க முடிகிறது. அவளுடைய வீடு, கொல்லை எதன் மேலும் எனக்கு ஆசையில்லை. அந்தச் சிரிப்பின் மேல்தான் பொறாமை.

6

வேலைக்குத் திரும்ப அழைத்தார்கள். எல்லாம் தவறான புரிதல் என்றார்கள். ஆனால் பிள்ளைகள் பக்கம் இல்லாமல், சமையலறை ஜன்னலுக்கு உள்பக்கம் நிற்க வைத்தார்கள். என்னுடைய வசதிக்காகவாம். கூட வேலை செய்கிறவர்கள் என்னிடம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசுகிறார்கள். என் முன்னால் யாரும் வேடிக்கை பேசுவதில்லை.

ஒரு வெள்ளைக்கார அம்மா, அதுவரை என்னைப் பார்த்துத் தலைகூட அசைக்காதவர், வாசலில் வந்து என் கையைப் பிடித்தார். "அவர்கள் எல்லாவற்றிலும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள், பாவம் நீ," என்றார். எனக்கு உடம்பு கூசியது. என்மேல் விழுந்தது பொய்ப் பழிதான். ஆனால் நாளைக்கு ஒருவன் எஃபுவாவை நிஜமாகவே அந்தச் சொல்லால் திட்டினால், ஆபெனா அலுவலகத்துக்குப் போனால், இந்த அம்மா என் கதையைத்தான் எடுத்துச் சொல்வார். "அப்படி இல்லை," என்றேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. சுகந்தி அக்காவாக இருந்தால் பட்டென்று ஏதாவது சொல்லியிருப்பாள்.

அவளைத்தான் பள்ளி ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசவும் கூப்பிட்டார்கள். வேற்று மொழிச் சொற்களும் தவறான புரிதல்களும் என்பது தலைப்பு. கேக் எல்லாம் கொடுத்தார்களாம். "உன் பேரச் சொல்லலடி, ஒரு அம்மான்னுதான் சொன்னேன். எல்லாம் சிரிச்சு சிரிச்சு..." என்றாள் என்னிடம். நான் கணக்கு டீச்சர். கரும்பலகை முன்னால் நின்று எத்தனை நாளாயிற்று. என் கதையைச் சொல்லக்கூட அவள்தான் நிற்கிறாள்.

ஆபெனாவும் அவளும் இப்போது ஒன்றாகத்தான் கடைக்குப் போகிறார்கள்.

இந்த விடுமுறையில் சுகந்தி அக்கா கொடுத்தனுப்பிய பையைக் கொடுக்க விழுப்புரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா காப்பி கொடுத்து, போனில் படங்கள் காட்டினார். சுகந்தி அக்கா வீட்டு அடுப்படியில் ஆபெனா தோசை திருப்புகிறாள். "நல்ல பொண்ணும்மா. போன்ல என்னை அம்மான்னு கூப்புடுது." படத்தை ரொம்ப நேரம் பார்த்தேன். பிறகு அவர் கேட்டார், "நீ எந்த ஊரும்மா?"

"முகையூர்ப் பக்கம்ங்க."

"முகையூர்ல எந்தப் பக்கம்?"

காது விறைத்துக்கொண்டது. நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "எங்க சின்ன நாத்தனார அங்கதான் கட்டிக் குடுத்துது. சர்ச்சுக்கு அந்தாண்ட வூடு. அதான் கேட்டேன், தெரிஞ்சிருக்குமோன்னு."

அதற்காகத்தான் கேட்டாரா? அதற்காகவும் இருக்கலாம். திண்டிவனம் பஸ்ஸில் வழியெல்லாம் அந்தக் குரலைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தெரியவில்லை. ஆபெனா அன்று வாசற்படியில் நின்ற மாதிரி நானும் நின்றேன் என்பது மட்டும் தெரிந்தது. எனக்கு யாழினி மாதிரி தொட்டுக் காட்ட யாரும் வரவில்லை.

7

இனி துணிக்கடை.

பனியனா என்று கடைப் பெண் கேட்டுக்கொண்டிருக்கும்போதே போனில் சுகந்தி அக்காவின் குரல் செய்தி வந்தது. இரண்டு கையிலும் பை. எப்படியோ விரல் பட்டு, அது சத்தமாகவே ஓட ஆரம்பித்தது.

"ஏய் ஜெசி, கடைக்குப் போனா எம்புள்ளைக்கும் ரெண்டு நிக்கரு வாங்கிக்கினு வாடி. எலாஸ்டிக் பாத்து வாங்கு, இங்க வாங்கனது இடுப்புலயே நிக்க மாட்டேங்குது. இரு இரு, ஆபெனா இன்னாவோ சொல்லணும்ங்கறா."

ஜோயலின் பிடி இறுகியது. போனிலிருந்து ஆபெனாவின் குரல், ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைத்து, தமிழில் வந்தது.

"ஜெசிந்தா. எஃபுவாக்கு ஒரு நிக்க...ரூ. நீலம்."

பின்னால் இரண்டு பேர் சிரிப்பு.

ஜோயல் போனையே பார்த்தான். பிறகு துப்பட்டாவை விட்டான். "எஃபுவாவோட மம்மி சொல்லிட்டாங்க!" என்றான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, நான் கேட்காமலேயே, தமிழில். கடைப் பெண்ணைப் பார்த்துக் கத்தினான், "நிக்கரூ! நீலம்!"

கடைசி எழுத்தை நீட்டினான், ஆபெனா மாதிரியே. நான் கொடுத்த சொல். ஆபெனா சொன்ன பிறகுதான் அவன் பயம் போயிற்று. அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது சுகந்தி அக்கா. என் பிள்ளைக்கு என் சொல்லைத் திருப்பிக் கொடுத்தவர்களில் நான் இல்லை.

"அட, இதுக்காக்கா இத்தினி நேரம் கைய காட்டிக்கினு இருந்தீங்க?" என்று கடைப் பெண் ஒரு கட்டைத் தூக்கி மேசையில் போட்டாள். "எத்தினி வேணும்?"

"நீலத்துல ஒண்ணு. இவனுக்கு மூணு. இன்னொரு புள்ளைக்கு ரெண்டு," என்றேன்.

ஜோயல் என்னை நிமிர்ந்து பார்த்தான். "ரெண்டு என்னம்மா? சொல்லு."

தலையைத் திருப்பிக் கடை வாசலைப் பார்த்தேன். வெயில்தான் இருந்தது, படியில் யாரும் இல்லை.

பிறகுதான் சொன்னேன். மெதுவாக.